தெரியாமல் கடக்கும் வாரம்

விருதுநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோவில் ஏறியதும், "இங்கே மழை எப்போது வரும்?" என்று கேட்டேன். பினாங்கில் அது சாதாரணக் கேள்வி. குடையை எடுப்பதா விடுவதா என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மளையா? எந்த ஊர்லேருந்து வாறீக?"

"மலேசியா."

"அதான பாத்தேன்," என்றார். விடுதி வரும்வரை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆடி மாதம். காற்று நிற்காமல் அடித்தது. ஆனால் அதில் ஈரம் என்பது பேருக்குக்கூட இல்லை. தீவில் வளர்ந்த எனக்கு அன்று சாயங்காலமே உதடு வெடித்துவிட்டது. அறைச் சன்னலைத் திறந்துவைத்தால் மேசைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி. புழுதிக்குப் பயந்து மூடினால், அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விடும். மின்வெட்டு ஊர் முழுவதையும் படுத்திக்கொண்டிருந்த 2008 அது.

நான் வந்தது ஓர் அச்சு வேலைக்காக. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன் முட்டைகளை நுண்ணோக்கியில் வைத்து, கரு எப்படி உருவம் எடுக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. முதலில் எல்லா உயிரணுக்களும் ஒன்றுபோல ஒரு குவியலாக இருக்கும். ஒரு கட்டத்தில் அவை நகரத் தொடங்கும். சில வெளியே தங்கும். சில விளிம்பில் மடங்கி உள்ளே இறங்கும். சில இரண்டுக்கும் நடுவில் பரவும். வெளியே தங்கியவை தோலும் மூளையும் ஆகும். நடுவில் பரவியவை இதயம், ரத்தம், தசை. அடியில் போனவை குடலும் ஈரலும். எது எங்கே போவது என்பதை, அக்கம்பக்கத்து அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் செய்திகள் தீர்மானிக்கின்றன. இந்த நகர்வு முடியும்போதுதான் ஓர் உயிருக்குத் தலை எது, கால் எது, இடம் எது, வலம் எது என்பதெல்லாம் உண்டாகிறது.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்து ஓர் அறிவியல் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். மீன், கோழி, மனிதன் என்று மூன்று கருக்களையும் அருகருகே காட்டும் பெரிய சுவர்ப்படங்களை நான் வரைந்து கொடுத்தேன். அச்சடிக்க சிவகாசி என்று முடிவானது. எனக்கு விடுப்பு மிச்சமிருந்தது. நிறங்களை நானே நேரில் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன் என்ற பிடிவாதமும் இருந்தது.

அங்கே வேலையை ஏற்றுக்கொண்டவர் செய்யது பாய். விருதுநகரில் மசாலா வியாபாரக் குடும்பம். அவருடைய உறவினர் பினாங்கில் என் வீட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஆர்டர் எடுத்து சிவகாசியில் அச்சடித்து அனுப்புவது பாய்க்குப் பக்கத் தொழில். வந்த அன்றே என்னை ஒரு பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். கல்லில் எண்ணெயை ஊற்றிப் பரோட்டாவை அதில் கிடத்திப் பொரித்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் விரலுக்கு வளையும். இது பல்லில் நொறுங்கியது. சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் போதும் என்று கையை நீட்டி மறைத்தேன். பரிமாறியவர் கையைச் சுற்றி ஊற்றினார்.

மறுநாள் காலை பாய் தொலைபேசியில் கேட்டது, "பசியாறிட்டீகளாம்மா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைச் சாப்பாட்டை அப்படிச் சொல்வது எங்கள் மலேசியத் தமிழ் என்று நினைத்திருந்தேன். சென்னையில் இந்தச் சொல்லைச் சொன்னபோது ஓட்டல்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எங்க வீட்டுல வேற எப்படிச் சொல்லுவோம்?" என்றார் பாய். அவர் முன்னதாகவே சிவகாசிக்குப் போய்விட்டிருந்தார். என்னைப் பஸ் ஏறி வரச் சொன்னார்.

ஏறினேன். தவறான பஸ்ஸில். "சிவகாசி, சிவகாசி" என்று கூவியவர் பக்கத்துப் பஸ்ஸின் நடத்துநர் என்பது வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. உள்ளே பாதிப் பேர் மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு இருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று பக்கத்து இருக்கை அம்மாளைக் கேட்டேன். "இந்தப் பொம்பளைக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல போல, வெறுங்கையோட வாறானு பேசிக்கிடுதாக," என்றார். "நீங்க எங்கன போறீக?"

"சிவகாசிக்கு."

"நல்லாப் போனீக! இது இருக்கன்குடி கோவிலுக்குப் போறதும்மா. சாத்தூர்ல இறங்கிக்கோங்க."

சாத்தூரில் இறங்கினேன். வண்டி வரும்வரை வெள்ளரிப்பிஞ்சு தின்றேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தார்கள்; வெடித்த உதடு எரிந்தது. ஒரு பொட்டலம் காரச்சேவும் வாங்கிக்கொண்டேன். எதிரில் கோவிலுக்குப் போகும் வண்டிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை கூட்டமும் ஒரு சின்னப் படிக்கட்டில் குவிந்து, உள்ளே போனதும் இரண்டு பக்கமும் பிரிந்து பரவியது. தொழில் புத்தி, அதையும் வேடிக்கை பார்த்தேன்.

அச்சகத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. காலண்டர் சீசன். உள்ளே போனதும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. லட்சுமியும் முருகனும் பிள்ளையாரும் அடுக்கடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். சத்தத்தில் பாய் என்னிடம் சொன்னது எதுவும் கேட்கவில்லை. மெஷினில் நின்றவர் பெயர் முத்துராஜ். முப்பது வயதுக்காரர், மெலிந்த உடம்பு, சிரிக்காத முகம். என் படத்தின் முதல் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

நிறங்கள் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தன. வெளி அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, உள் அடுக்குக்கு மஞ்சள். ஒன்றோடொன்று கலக்காமல் துல்லியமாக இருந்தன. ஆனால் மனிதக் கருவின் வரிசையில் பார்வை நின்றது. இதயம் வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"பாய், இது தப்பு," என்றேன். "இதயம் பக்கம் மாறி இருக்கு."

"எங்கம்மா தப்பு? படம் அளகால்ல வந்திருக்கு!"

முத்துராஜ் குனிந்து பார்த்தார். "ஃபிலிமைப் புரட்டி ஒட்டிட்டாக மேடம். எளுத்து தனி ஃபிலிம், படம் தனி ஃபிலிம். அதனால எளுத்து நேரா இருக்கு, படம் மட்டும் திரும்பிருச்சு. நாளைக்கு வேற பிளேட் போட்டுரலாம்." அவர் விரல் அந்தச் சிவப்பு இதயத்தின் மேலேயே இருந்தது. "ஆனா மேடம், இப்படியும் பிறக்கும்ல?"

"எப்படி?"

"இதயம் வலது பக்கம் இருந்து."

பிறக்கும், அபூர்வமாக, என்றேன். அந்த நேரத்தில் கரண்டு போனது. அத்தனை மெஷினும் ஒருசேர நின்றன. அந்தத் திடீர் அமைதியில், சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலிலேயே அவர் சொன்னார்: "என் மகளுக்கு அப்படித்தான் இருந்துச்சு."

வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்து முத்துராஜ் சொன்னார். மகள் பெயர் மாரீஸ்வரி. பிறந்ததுமே நீலம் பாரித்திருந்தாள். மதுரைக்குக் கொண்டு போனார்கள். இதயம் வலது பக்கம், அதற்குள் ஓட்டை, ஈரல் நடுவில், மண்ணீரலையே காணோம் என்று டாக்டர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். முதல் பொங்கல் வரைக்கும் இருந்தாள்.

"எல்லாம் என்னாலதான் மேடம்," என்றார். "ஏளாம் மாசம். பங்குனி வெள்ளி. இருக்கன்குடிக்குப் போவோம், புள்ள நல்லபடியாப் பிறக்கட்டும்னு கும்பிட்டுட்டு வருவோம்னு நான்தான் கூப்பிட்டேன். பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்கும்னு என் மொபெட்டுலயே கூட்டிட்டுப் போனேன். ரோடு பூரா குண்டும் குளியும். அந்தக் குலுக்கல்லதான் உள்ள எல்லாம் இடம் மாறிப்போச்சுனு எங்க அம்மா சொன்னாக. தெருவே சொல்லிச்சு. என் வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அவளை நான் வண்டியில ஏத்தல. ஒரே எடத்துக்குப் போனாலும் அவ பஸ்ல போவா, நான் வண்டியில பின்னாலயே போவேன்."

நான் அவரை நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். இதில் எனக்குத் தெரியாதது நிறைய உண்டு. இது மட்டும் தெரியும்.

"முத்துராஜ், ஏழாம் மாசத்துல இதயம் இடம் மாறாது. எவ்வளவு குலுங்கினாலும் மாற முடியாது."

"எப்படிச் சொல்றீக?"

தப்பாக வந்த அந்தத் தாளையே எடுத்து மடியில் வைத்துக் காட்டினேன். இங்கே பாருங்கள், முதலில் ஒரு தட்டு. அதில் ஒரு கோடு விழுகிறது. அணுக்கள் அந்தக் கோட்டை நோக்கி வந்து உள்ளே இறங்கிப் பரவுகின்றன. கோட்டின் தலைமாட்டில் ஒரு சின்னக் குழி. குழிக்குள் கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள். அவை சுழன்று சுழன்று அங்கிருக்கும் நீரை ஒரே பக்கமாகத் தள்ளும். நீர் போகும் பக்கம் இடது பக்கம் என்று அணுக்களுக்குச் செய்தி போகிறது. அதை வைத்துத்தான் பிறகு இதயம் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று முடிவாகிறது. எலியிலும் மீனிலும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். மனிதக் கருவிலும் அப்படித்தான் என்று நம்புகிறோம். அந்தச் செய்தி தடுமாறினால் உறுப்புகள் பக்கம் மாறும். உங்கள் மகளுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"இதெல்லாம் எப்ப நடக்கும்?"

"மூன்றாவது வாரத்தில். அப்போது பிள்ளை ஒரு எள் அளவுகூட இல்லை. அம்மாவுக்கே சரியாகத் தெரிந்திருக்காது."

"மூணாவது வாரம்," என்றார். "அப்ப வண்டியில போனதால இல்லையா?"

"இல்லை."

"கோவிலுக்குப் போனதால இல்லையா?"

"இல்லவே இல்லை."

இன்னொரு முறையும் கேட்டார். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் முதுகு குலுங்கியது. பாய் என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு வருசமா இதே நெனப்புதாம்மா இவனுக்கு. நீங்க வந்ததுக்கு இதுக்கே புண்ணியம் உண்டு," என்றார். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் காரச்சேவை முழுவதும் தின்று தீர்த்தேன். இத்தனை வருடம் இருட்டறையில் மீன் முட்டை பார்த்ததற்கு ஒரு மனிதருக்காவது பயன் கிடைத்ததே என்று ஒரு பெருமிதம்.

மறுநாள் புதிய பிளேட் தயாராகவில்லை. ஆனால் முத்துராஜ் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். "மேடம், வீட்டுக்காரி உங்களைச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னா. மாட்டேன்னு சொல்லிராதீக. எங்க அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன், மலேசியாவுலேருந்து ஒரு சயின்ஸ்காரம்மா வந்து சொன்னாக, என் வண்டியால ஒண்ணும் ஆகலனு."

வீடு திருத்தங்கல் போகும் வழியில் ஒரு வரிசை வீடு. சுவரில் அவரே அச்சடித்த பழைய காலண்டர் படங்கள். மனைவி சண்முகக்கனி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா. வெயில்ல சிரமப்பட்டு வந்திருக்கீக. உள்ள வாங்க." என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். குரல் நிதானமாக இருந்தது. நாட்டுக்கோழி வறுத்த மணம் வீடு முழுவதும் நிறைந்திருந்தது. பினாங்கில் கோழிக்கறி தேங்காய்ப்பாலில் மிதக்கும். இங்கே மிளகாயும் சின்ன வெங்காயமும் எலும்போடு ஒட்டிச் சுருண்டிருந்தன.

"கலர் வாங்கிட்டு வாறேன்," என்று முத்துராஜ் கிளம்பினார். கலர் என்றால் சோடா என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனை திரும்பும்வரை சண்முகக்கனி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, மூணாவது வாரம்னு சொன்னீகளாம்ல. அது எதுலேருந்து எண்ணுறது?"

கேள்வி எனக்குப் பிடித்தது. ஆய்வுக்கூடத்துக்குப் படிக்க வரும் மாணவர்களில் யாரும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. உற்சாகமாகவே சொன்னேன். "கரு தங்கின நாளிலிருந்து எண்ணணும். வீட்டுக்கணக்கில் சொன்னால், நாள் தள்ளிப்போய், சரி ரெண்டு நாள் பார்ப்போம், நாலு நாள் பார்ப்போம்னு இருப்போமே, கிட்டத்தட்ட அந்த நேரம்."

அவர் கையில் கரண்டி இருந்தது. அதை அடுப்படியில் வைத்துவிட்டு விரலை மடக்கினார். மாதங்களின் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனி, வைகாசி, சித்திரை, பங்குனி என்று பின்னால் போய், புரட்டாசியில் நின்றார்.

"அப்ப நான் மருந்து ரூம்ல இருந்தேன்," என்றார்.

"மருந்துக்கடையிலா?" என்று கேட்டேன். இப்போதும் அந்தக் கேள்வியை நினைத்தால் கூசுகிறது.

"இல்லக்கா. வெடி மருந்து. விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனி. தீவாளி லோடு ஏத்துற சீசன். அம்புட்டு ஆர்டர். மருந்து செலுத்த ஆள் பத்தலைனு என்னையும் அந்த ரூமுக்கு மாத்தினாக. கையெல்லாம் வெள்ளிப்பொடி. எச்சித் துப்பினா அதுவும் வெள்ளியா இருக்கும். நாள் தள்ளிப்போனது தெரியும். சீசன் முடியட்டும்னு இருந்தேன். ஐப்பசிலதான் அவர்ட்டயே சொன்னேன்."

நேற்று நான் அச்சகத்தில் அத்தனை உறுதியாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இங்கே இந்தப் பெண்ணின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இவள் கணவனின் மேலிருந்த பழியை எடுத்து, நேராகக் கொண்டுவந்து இவள் மடியில் வைத்துவிட்டேன்.

"கனி, அதனால்தான் ஆச்சுன்னு யாரும் சொல்ல முடியாது," என்றேன். "எங்கள் தொட்டியில் சுத்தமான தண்ணீர். ஒரே தாய் மீன் போட்ட முட்டை. ஒரே தட்டு. அதிலும் எப்போதாவது ஒன்றிரண்டுக்கு இதயம் மறுபக்கம் போயிருக்கும். ஏன்னு தேடுவோம். காரணமே கிடைக்காது."

"அந்த மீன்கிட்ட யாரும் ஏன்னு கேக்க மாட்டாகள்ல," என்றார்.

"பரம்பரையாகக்கூட வரலாம். சும்மாவும் நடக்கலாம். அந்த மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா இல்லைனு அர்த்தமாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகம் அதற்காகத்தான் காத்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் பழகிய நாக்கு. ஆதாரம் இல்லாமல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. "அப்படி அர்த்தம் இல்லை," என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன். அது உண்மைதான் என்று தெரிந்தும் எடுத்துவிடுவேன்.

சண்முகக்கனி அழவில்லை. கோழியை ஒருமுறை கிளறி, அடுப்பைக் குறைத்தார்.

"அவர்ட்ட இதச் சொல்லிராதீகக்கா. ரெண்டு வருசமா கண்ண முளிச்சுக்கிட்டே கெடப்பாரு. நேத்துதான் குறட்டை விட்டுத் தூங்கினாரு."

வாசலில் மொபெட் நிற்கும் சத்தம். முத்துராஜ் இரண்டு கைகளிலும் பாட்டில்களோடு உள்ளே வந்தார். சிரித்தபடி வந்தார். அவர் சிரிப்பை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்; முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருந்தது. "சாயந்தரம் இவளை வண்டியிலயே மல்லாங்கிணத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன் மேடம், அவுக அம்மா வீட்டுக்கு," என்றார். "ஏளா, வருவல்ல?"

"வராம?" என்று சிரித்தார் சண்முகக்கனி. எனக்கு இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தார். "சாப்பிடுங்கக்கா. கையே நகர மாட்டேங்குது. காரமா இருக்கோ?"

காரம்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் படம் சரியாக வந்தது. இதயம் இடது பக்கம். முத்துராஜ் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் அடுக்கினார். மனிதக் கருவின் வரிசைக்குக் கீழே நானே எழுதிய "மூன்றாவது வாரம்" என்ற வரி சின்ன எழுத்தில் தெளிவாக இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எடுப்பதற்கு என்ன காரணம் சொல்வது? ஒப்புதல் கையெழுத்தைப் போட்டேன்.

கிளம்பிய மாலை, சிவகாசியிலிருந்து வரும் வழியில், பட்டாசுக் கம்பெனி வண்டி ஒன்றிலிருந்து பெண்கள் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தூக்குச்சட்டியும் பேச்சுமாகப் போனார்கள். சிலருக்கு முழங்கை வரை வெள்ளி மின்னியது. முதல் நாள் அதே சாலையில் இதே வண்டிகளைக் கடந்திருப்பேன், அப்போது கவனிக்கவில்லை. இன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர்களில் யாருக்கு இது எந்த வாரம் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பினாங்கில் கண்காட்சி நன்றாக நடந்தது. பிள்ளைகள் கோழிக்கரு படத்துக்கு முன்னால்தான் அதிகம் கூடினார்கள். ஒரு சிறுமி மட்டும் மனிதக் கரு வரிசையில் நின்று, "டீச்சர், இது நடக்கும்போது அம்மாவுக்கு வயித்துக்குள்ள குறுகுறுன்னு இருக்குமா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "பாவம்," என்றாள். அம்மாவையா பிள்ளையையா என்று நான் கேட்கவில்லை.

பாய் மாதம் ஒருமுறை பேசுவார். முத்துராஜ் எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். "அவனுக்கென்ன, ஆளே மாறிட்டான். பொண்டாட்டிய வண்டியில வெச்சுக்கிட்டு ஊர் சுத்துதான்," என்பார். சண்முகக்கனி எப்படி என்று கேட்பேன். "நல்லா இருக்கு. கொஞ்சம் அமைதி. அந்தப் புள்ள முன்னேயும் அப்படித்தானே," என்பார். அவருக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை நானும் சொல்லவில்லை.

ஆண்டு முடியும் தறுவாயில், ஒரு மத்தியான நேரம், பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பெண் குரல்.

"அக்கா, நான் சண்முகக்கனி. பாய் கடையிலேருந்து பேசுதேன். அவுக தொளுகைக்குப் போயிருக்காக."

"சொல்லுங்க கனி."

"நாள் தள்ளிப்போயிருக்கு."

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"எம்புட்டு நாள்னு சொல்லணுமா?" என்றார். "நீங்க சொன்ன கணக்குதான். அதே வாரம்."

முத்துராஜுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது, முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன் என்றார். மருந்து ரூமுக்கு மகள் பிறந்ததிலிருந்தே போவதில்லை. கடைத்தெருவில் வெடி வெடித்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் போய்விடுவதாகச் சொன்னார். பஸ் நெரிசலுக்குப் பயந்து விருதுநகருக்கு வரும் சரக்கு வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எது ஆகும் எது ஆகாது என்று தெரியவில்லை. "இப்ப நான் என்ன செய்யணும்க்கா? எப்படிப் படுக்கணும்? நடக்கலாமா?"

அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பையன். அடுத்த வருடம் பாய்தான் போனில் சொன்னார், எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதாம் என்று. ஆனால் அந்த மத்தியானம் எனக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. உலகத்தில் எல்லா அம்மாக்களும் அந்த வாரத்தைச் சமைத்துக்கொண்டோ, சண்டை போட்டுக்கொண்டோ, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டோ தாண்டிப் போகிறார்கள். இவளை மட்டும் நான் அதற்குள் விழித்தபடி உட்கார வைத்துவிட்டேன்.

"எப்படி வேணும்னாலும் படுங்க. நல்லா சாப்பிடுங்க. டாக்டரம்மாவைப் போய்ப் பாருங்க, சத்து மாத்திரை கொடுப்பாங்க," என்றேன். "மத்தபடி நீங்க செய்ய வேண்டியது எதுவும் இல்லை கனி. அது தன்னால நடக்கும்."

அந்தப் பக்கம் சந்தைத் தெருவின் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப நடந்துக்கிட்டு இருக்குமாக்கா? நாம பேசுற இந்த நேரத்துல?"

"இருக்கும்."

"உள்ள எல்லாம் அங்கயும் இங்கயும் போய்க்கிட்டு இருக்கும்."

"ஆமா."

"சரிக்கா," என்றார். "அப்ப நான் பேசல. நீங்க போனை வெச்சுராதீக. பாய் வர்ற வரைக்கும் இப்படியே இருங்க."

இருந்தேன்.